அக்கா பெயரை ஏற்காத கோப்பு

எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதிவைப்பவன் தவறே செய்யமாட்டான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நானும் நம்பினேன், என் கல்யாணப் பத்திரிகை அச்சாகும் வரை.

அப்போது நான் சரவணம்பட்டியில் புரோகிராமர். பால்காரர் தாமதமாக வந்த நிமிடம்கூட என் டைரியில் இருக்கும். பத்திரிகையில் போடவேண்டிய உறவினர் பெயர்களுக்கு ஒரு நோட்டுப் போதாதா? போதாது. அதற்கென்று ஒரு புரோகிராமே எழுதினேன். சேமித்தவுடன் அது பெயர்க் கோப்பை 'ரீட் ஒன்லி' ஆக்கிவிடும். படிக்கலாம், மாற்ற முடியாது. (அப்பா கணினியைத் தொட்டால் ஏதாவது அழிந்துவிடும் என்ற பயம்.)

மறுபடி எழுதும்போது கோப்பு பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, பூட்டைத் திறந்து, எழுதி, மீண்டும் பூட்டவேண்டும். நான் பூட்டுவதை மட்டும் எழுதினேன். பார்ப்பதை மறந்தேன். பிழைச் செய்தி வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்று அதன் வாயையும் அடைத்திருந்தேன். ஆகவே கோப்பில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் திரையில் "சேமிக்கப்பட்டது" என்றே வரும்.

முதலில் பூட்டிய பட்டியலில் அக்கா பெயர் இல்லை. "மாமா பேரோட சேத்தி எப்படிப் போடறதுன்னு கேட்டுச் சொல்றேன் கண்ணு" என்றிருந்தாள். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவள் இணைச்சீர் என்னும் சடங்கைச் செய்யாமல் மாப்பிள்ளை மணமேடை ஏற முடியாது. எனக்கு இருப்பதோ ஒரே அக்கா. அவள் ஃபோனில் சொன்னதும் சேர்த்தேன். "சேமிக்கப்பட்டது." டைரியிலும் குறித்தேன்: மாலை 6.10, அக்கா பெயர் சேர்த்தாயிற்று.

கோட்டைமேட்டில் அச்சகம் வைத்திருந்த பாய், என் அப்பா கல்யாணத்துக்கும் பத்திரிகை அடித்தவர். கோப்பை அனுப்பியதும் கூப்பிட்டார்.

"தம்பி, ஒருக்கா நல்லாப் பாத்துட்டீங்களா?"

"என் புரோகிராம் தப்புப் பண்ணாதுங்க பாய்."

(இந்தப் பதிலின் நேரமும் டைரியில் இருக்கிறது.)

முதல் கட்டுப் பத்திரிகைகளை வாங்கிக்கொண்டு ஆனைமலை போனேன். மாசாணியம்மன் முன் ஒன்றை வைத்துவிட்டு, அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா வீட்டில் அடுத்ததைக் கொடுத்தேன். அவள் பிரித்தாள், படித்தாள், திருப்பிப் பார்த்தாள், மறுபடி படித்தாள்.

"ஏன் கண்ணு, உனக்கு இணைச்சீர் யாரு செய்யறாங்க?"

"இதென்ன கேள்வி? நீதானக்கா."

"இதுல அப்படி இல்லையே."

மாமா எழுந்து, மோட்டார் போடவேண்டும் என்று தோப்புப் பக்கம் நடந்தார். (கரண்ட் இல்லாத நேரம் அது.)

நான் டைரியை நீட்டினேன். ஆம், டைரியை. "ஆறு பத்துக்கு ஏத்தியிருக்கறேன்க்கா, பாரு."

"இதுல சரியாத்தான் இருக்குது. ஊருக்கு உன்ற டைரியவா குடுப்ப?" சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

அந்த இடத்திலேயே பாயைக் கூப்பிட்டேன். நான் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொன்னார்: "சீர் செய்யற அம்மணி பேரு இல்லாதது எனக்கும் உறுத்துச்சுங்க தம்பி. கோயிலுக்கு வேணும்னீங்கன்னு ஒரு கட்டுத்தான் ஓட்டினேன். மீதியை நிறுத்தி வெச்சுப்போட்டேன். பேரைச் சொல்லுங்க."

ஃபோனை அக்காவிடம் கொடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல, பாய் எழுதிக்கொண்டு, இரண்டு தடவை திருப்பிப் படித்துக் காட்டினார். என் புரோகிராம் செய்யாத வேலை அது. இரண்டாவது தடவை முடிந்ததும் அக்கா சிரித்துவிட்டாள். மோட்டார் போடாமலே மாமாவும் திரும்பி வந்தார்.

இணைச்சீர் அவள்தான் செய்தாள், பெயரோடு. பெயரில்லாத பத்திரிகையைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். இன்று நான் எழுதும் எந்தப் புரோகிராமும் பூட்டைப் பார்த்துத் திறந்து, எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்த பிறகே வாயைத் திறக்கும். அந்த நல்ல பழக்கத்தைப் பாயிடமிருந்து பெற்றேன், மன்னிப்பை அக்காவிடமிருந்து.

முழு மன்னிப்பு என்றும் சொல்ல முடியாது. என் மனைவி ஏதாவது சொல்லி நான் "சரி" என்றால், பக்கத்தில் அக்கா இருந்தால் விடுவதில்லை.

"சரிம்பான், அம்மணி. உள்ள ஏறுச்சான்னு ஒருக்கா திருப்பிச் சொல்லச் சொல்லு."

திருப்பிச் சொல்லப் பார்க்கிறேன். பாதி நாள் ஏறியிருப்பதில்லை.