டக் கேப்டன் மாப்பிள்ளை

பாயை எப்படியோ விரித்துவிட்டான் லியோனார்ட். அதைச் சுருட்டுவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

எண்ணூர் உப்பங்கழியின் நடுவே அந்தச் சின்னப் பாய்மரப் படகு தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தது. அதில் அவன், கல்யாணமாகி மூன்று மாதமான மனைவி ஆலிஸ், மாமியார் ஞானபாக்கியம், ஒரு டிபன் கேரியர்.

"இன்னாங்க, சுத்திகினே கீது?" என்றாள் ஆலிஸ்.

"படகைக் காத்துக்குப் பழக்கறேன்."

ராயபுரத்தில் பெண் பார்க்கப் போனபோது, துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகுக்குத் தான்தான் கேப்டன் என்று வாய்கூசாமல் அளந்திருந்தான். ஆலிஸை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. உண்மை தெரிந்து அவள் அம்மா வீட்டோடு நின்றுவிட்டால் என்ன கதி? அதனால்தான் மாமியார், "எங்களையும் ஒரு நாள் படகுல இட்டுகினு போங்க மாப்ள" என்றபோது மறுக்க முடியவில்லை. இடம் சொன்னதும் படகு பிடித்ததும் அந்த அம்மாளேதான். எண்ணூர் என்றதுமே மூத்த மாப்பிள்ளை ஹென்றி வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டான்.

"அந்தக் கவுத்தை இஸ்துப் பாருங்க மாப்ள," என்றாள் ஞானபாக்கியம், ஜெபமாலையை உருட்டிக்கொண்டே.

இழுத்தான். பாய் சடாரென்று மறுபக்கம் திரும்பி, மூர் மார்க்கெட்டில் வாங்கிய கேப்டன் தொப்பியைத் தட்டிவிட்டது. தொப்பியைப் பிடிக்கும் அவசரத்தில் சுக்கானை உதைத்தான். அதுவும் கழன்று தொப்பியின் பின்னாலேயே மிதந்தது. இரண்டையும் எட்டிப் பிடிக்க எழுந்து நின்றான். படகு சாய்ந்து, கறுப்புத் தண்ணீர் குடம் குடமாக உள்ளே வந்தது. டிபன் கேரியரைத் திறந்து அள்ளிக் கொட்டினான். மீன் குழம்பு போனது, தண்ணீர் போகவில்லை.

"ஆ... ஆழம் எவ்ளோ அத்தே?"

"ரெண்டு தென்னமரம் ஆழம்னு சொல்வாங்க. பாவமன்னிப்பு குடுக்க சாமியார் இல்லாத எடத்துல சாவு வந்தா, பாவத்தை வாய்வுட்டுச் சொல்லிடணும் மாப்ள. இல்லாட்டி நேரா நரகந்தான்."

லியோனார்ட் தொப்பென்று மண்டியிட்டான். "தவக்காலத்து வெள்ளிக்கெழமைல தோஸ்து காஜா மொய்தீன் வூட்டுல பிரியாணி துன்னேன்!"

"அப்பால?"

"நான் கேப்டனே இல்ல! டக்குக்கு டீசல் சீட்டு எழுதற குமாஸ்தா. இதுவரிக்கும் படகுல காலே வெச்சதில்ல. ஆலிஸ், உன்ன வுட மனசு வரல. அதான் பொய் சொல்ட்டேன்!"

ஆலிஸ் முறைத்தாள். பிறகு அழுகையும் சிரிப்புமாக அவன் ஈரச் சட்டையைப் பற்றிக்கொண்டாள். "குமாஸ்தாவே இருந்துட்டுப் போ. உசுரோட வூடு போய்ச் சேந்தா போதும்யா."

அப்போதுதான், தூரத்தில் ஒரு பெண் தண்ணீரின் மேல் நடந்து வருவதைப் பார்த்தான். அற்புதம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். கிட்டே வந்தபோது, அவள் இடுப்பில் இறால் கூடை இருந்தது. ஒரு கையில் சுக்கான், இன்னொரு கையில் அவனுடைய தொப்பி. தண்ணீர் அவள் முழங்காலைக்கூடத் தாண்டவில்லை.

கையால் தடவி இறால் பிடிக்கும் பவுனம்மாள் அவள். இரண்டையும் படகுக்குள் போட்டுவிட்டு, ஞானபாக்கியத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"இன்னா யக்கா, பெரிய மாப்ள சாயங்காலம் வரிக்கும் தாக்குப் புடிச்சாரு, சின்னவரு அதுக்குள்ள எல்லாத்தையும் ஒத்துகினாரா?"