ஒத்திகையில் வந்த புகார்

பாலியல் அத்துமீறல் தடுப்பு மற்றும் உடனடி நடவடிக்கை ஒத்திகையை ஒவ்வொரு ராணுவ முகாமும் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தியே தீர வேண்டும் என்று மேலிடம் ஆணை பிறப்பித்திருந்தது. தீயணைப்பு ஒத்திகை என்றால் ஒரு பீப்பாயில் கழிவு எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினால் போதும். இந்த ஒத்திகைக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள்.

முகாமின் தொலைபேசி அறையில் வேலை பார்த்த டெலிபோன் அக்காவுக்கு மேலிடத்திலிருந்து உறையிட்ட கடிதம் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குப் புகார் அறைக்குள் நுழைய வேண்டும், மூன்றாவது நிமிடத்தில் அழ வேண்டும், வெளியே மூச்சு விடக் கூடாது. எல்லாம் இயல்பாக அமைய வேண்டுமாம். ஒரு பெண் வருவாள் என்பது கர்னலுக்குத் தெரியும், ஹெட் கிளார்க்குக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும், மதிப்பெண் போட வந்த பார்வையாளருக்கும் தெரியும். எந்தப் பெண் என்பது அக்காவைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது.

ஒத்திகை என்ற ஒன்று நடக்கப்போவதே ஸ்பானருக்குத் தெரியாது.

ஸ்பானர் என்பது லாரி மெக்கானிக்காக இருந்த சிப்பாய்ப் பெண்ணுக்குப் பட்டறை வைத்த பெயர். கியர்பாக்ஸைத் திறக்காமல், ஓடும் சத்தத்தை மட்டும் கேட்டு, எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அந்தப் புதன்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால், பெல்ட் எடுக்க உதிரிபாக அறைக்குள் போனவளைப் பட்டறைப் பொறுப்பாளர் கேப்டன் உள்ளே வைத்துத் தாழிட்டார். அதன் பிறகு எந்த இஞ்சின் சத்தமும் அவள் காதில் சரியாக விழவில்லை. அந்த ஆளின் பெயரோடு, நடந்தது ஒரு தாளிலாவது ஏற வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அதற்காக ஏற்கெனவே இரண்டு முறை புகார் அறைக்கு வந்து திரும்பியிருந்தாள். முதல் முறை, "உன் மேலதிகாரி கையெழுத்தோட கொண்டா" என்றார் ஹெட் கிளார்க்.

"என் மேலதிகாரி கேப்டன் சார்தான்."

"அப்போ அவர்கிட்டயே வாங்கு."

"புகாரே அவர் மேலதான் சார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. ரெண்டு இடத்துக்கு அலைய வேண்டியதில்லை பாரு."

இரண்டாவது முறை படிவம் தீர்ந்துபோயிருந்தது.

"மூணு வருஷமா ஒரு புகாரும் இல்லைன்னு வாசல்ல போர்டு தொங்குது. படிவம் எப்படி சார் தீரும்?"

"பின்பக்கம் வெள்ளையா இருக்குமில்ல, கணக்குப் போட ஆகும்" என்றார் அவர்.

மூன்றாவது முறையாக, கையில் கிரீஸ் கறையோடு, அந்தப் புதன்கிழமை சரியாகப் பத்து மணிக்குக் கதவைத் தள்ளினாள்.

அறையே எழுந்து நின்றது.

ஹெட் கிளார்க் தன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்தார். "வாம்மா, உக்காரு. தண்ணி குடிக்கிறியா? என்ன நடந்திருந்தாலும் தப்பு உன்மேல இல்லம்மா." மேசைமேல் இருந்த அட்டையைப் பார்த்துத்தான் படித்தார். ஆனாலும் நன்றாகப் படித்தார். பிறகு குனிந்து ரகசியமாக, "ரெண்டு தடவை வந்து என்னை ஆழம் பார்த்துட்டுப் போயிருக்கே, கெட்டிக்காரி!" என்றார்.

ஸ்பானருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனக்குப் பின்னால் யாராவது பெரிய மனுஷி வருகிறாளோ என்று திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரம் காலியாக இருந்தது.

தோளைச் சுற்றி ஒரு போர்வை வந்தது. சூடாகத் தேநீர் வந்தது. டாக்டரம்மா அவளுடைய மணிக்கட்டைத் தூக்கி, மஞ்சளாக மாறிக்கொண்டிருந்த கன்றலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பிரமாதம், தொட்டாக்கூட அழியலையே!" என்று வியந்தபடி எழுதிக்கொண்டார். கர்னலே எதிரே உட்கார்ந்து, "மெதுவாச் சொல்லும்மா, அவசரமே இல்லை" என்றார். ஒன்பது நாளாகச் சொல்லக் காத்திருந்ததை ஸ்பானர் சொல்லத் தொடங்கினாள். இடம், நாள், நேரம், கேப்டனின் பெயர் எல்லாவற்றையும் சொன்னாள்.

பெயரைக் கேட்டதும் அறை ஒரு கணம் திகைத்தது. மேலிடம் ஒத்திகைக்கு எழுதிக் கொடுத்ததில் வெறுமனே 'ஒரு ஹவில்தார்' என்றுதான் இருந்தது. பார்வையாளர் 'துணிச்சல்' என்று குறித்துக்கொண்டார். மேலிடத்து ஆள் குறித்துக்கொண்டதைப் பார்த்த கர்னலுக்கு உற்சாகம் பிறந்தது. "உடனே கேப்டனைக் கொண்டு வாங்க!"

பத்தே நிமிடத்தில் இரண்டு காவலர்களுக்கு நடுவில் கேப்டன் வந்தார். ஸ்பானரைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லை. ஹெட் கிளார்க் ஓடிப்போய் அவர் காதில் ஏதோ சொன்னார். போன ரத்தம் புன்னகையோடு திரும்பி வந்தது.

"அவ்வளவுதானா? ஜமாய்ச்சுடலாம்" என்றவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "ஆமா, நான்தான் செஞ்சேன். உதிரிபாக ரூம்ல. அந்தக் கதவுத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும், தோளால ஒரு முட்டு முட்டினாத்தான் விழும். பதினோரு மணிக்கு வெளியே லாரியெல்லாம் ஸ்டார்ட் பண்ணுவாங்க, கத்தினாலும் கேக்காது. அதுக்காகவே அந்த நேரம் பார்த்தேன். போதுமா, இன்னும் வேணுமா?"

ஸ்பானர் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தாழ்ப்பாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

கேப்டன் ஒவ்வொரு பக்கத்திலும் அழகாகக் கையெழுத்துப் போட்டார். பார்வையாளர் மெய்சிலிர்த்துப்போய், எழுதிக் கொடுக்காததையும் சொந்தமாகச் சேர்த்துச் சொன்னதற்கு இரண்டு மதிப்பெண் கூடுதலாகப் போட்டார். மொத்தம் நூற்றுக்கு நூற்றிரண்டு.

அப்போது கதவு திறந்தது. டெலிபோன் அக்கா மூச்சிரைக்க நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க சார். ரூமை மாத்தினதை யாருமே சொல்லலை. ஒன்றரை மணி நேரமா பழைய ரூம் வாசல்ல உக்காந்திருக்கேன். இப்போ உள்ளே வந்த உடனே அழணுமா, இல்லை மூணு நிமிஷம் கழிச்சா?"

கர்னல் மெல்ல ஸ்பானர் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீ யாரும்மா?"

"நான் நிஜம் சார்."

நிஜம் என்று தெரிந்ததும் முதலில் போர்வை போனது. பிறகு ஹெட் கிளார்க், அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொன்னார். டாக்டரம்மா மட்டும் அந்த மணிக்கட்டைப் பார்த்தபடியே நின்றார். தான் எழுதியதன்மேல் 'ஒத்திகை' என்று ஏற்கெனவே முத்திரை குத்தியிருந்ததால் அவரும் பேனாவை மூடி வைத்தார்.

"நிஜப் புகாருக்கு நடைமுறையே வேற" என்றார் கர்னல். "மேலதிகாரி கையெழுத்து வேணும்."

"அதான் பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்காரே சார்!"

"அது ஒத்திகைக் கையெழுத்து."

"நான் சும்மா நடிச்சேன் சார்" என்றார் கேப்டன். இப்போது கால்கள் இரண்டும் தரையில் இருந்தன.

"தாழ்ப்பாளும் நடிச்சுதா சார்?" என்று கேட்டாள் ஸ்பானர்.

ஒத்திகையை ரத்து செய்துவிடலாமா என்று கர்னல் கேட்டுப் பார்த்தார். பார்வையாளர் பதறினார். எந்த முகாமும் வாங்காத மதிப்பெண் அது. ரத்து செய்தால் போட்டவரே விளக்கம் எழுத வேண்டியிருக்கும். எனவே, 'ஒத்திகையின்போது வெளிப்படும் உண்மை, உண்மையாகக் கருதப்பட மாட்டாது' என்று கோப்பில் குறிப்பெழுதி எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

"இந்தத் தாளையெல்லாம் என்ன செய்வீங்க?" என்று ஸ்பானர் கேட்டாள்.

"ஒத்திகை ஆவணம் பத்து வருஷம் பூட்டி வைக்கணும், விதி" என்றார் ஹெட் கிளார்க். "நிஜப் புகார்னா ஆறு மாசத்துல கிழிச்சுடலாம்."

அவள் அதை மனதில் வாங்கிக்கொண்டு வெளியே போனாள்.

சிறந்த நடிப்புக்காகக் கேப்டனுக்கு ஒரு சான்றிதழும் அவளுக்கு ஒரு சான்றிதழும் வந்தன. தன் சான்றிதழால் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைத் துடைக்கலாமென்று அவள் முயன்று பார்த்தாள். வழவழப்பான தாள், எண்ணெயை உறிஞ்சவில்லை.

நூற்றிரண்டு மதிப்பெண் மேலிடத்தின் கண்ணைப் பறித்துவிட்டது. அடுத்த ஒத்திகைக்கு ஆட்களை நியமிக்க வேண்டாம், ஆர்வமுள்ளவர்கள் தாங்களே முன்வரட்டும் என்று ஆணை வந்தது. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. பெயர், பணி, எதிரே நடிக்க வேண்டியவர் என்று மூன்று பத்திகள். இந்த ஊரில் காது திறப்பது ஒத்திகைக்கு மட்டும்தான் என்றால் ஒத்திகையிலேயே பேசிக்கொள்ளலாம் என்று நினைத்து ஸ்பானர் முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். டெலிபோன் அக்கா முகாமில் பெண்கள் இருந்த ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் இணைப்புக் கொடுத்துச் சேதி சொன்னாள். மூன்றாம் நாள் முப்பத்தோரு பெயர்கள் ஏறியிருந்தன.

கர்னல் பூரித்துப்போனார். பெயர்களை எண்ணி மேலிடத்துக்குத் தந்தி போலச் சுருக்கமாக ஒரு பெருமைக் கடிதமும் அனுப்பினார். நாலாம் நாள் ஸ்பானரைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் விடுப்பு விண்ணப்பங்கள் முழ உயரத்துக்குக் குவிந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கேப்டனுடையது.

"ஆரம்பிச்சு வச்சது நீதானேம்மா. நடிப்புதானே இது? பெண்களெல்லாம் இவ்வளவு ஆசையா வரும்போது, ஆம்பளைங்க ஏன் ஒருத்தன் விடாம லீவு கேக்கறானுங்க?"

"மூணாவது பத்தியைப் படிச்சீங்களா சார்?"

"பேரை மட்டும்தான் எண்ணினேன்."

கர்னல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாவது பத்தியில் விரலை வைத்து இறங்கினார். பக்கத்தில் நின்ற ஹெட் கிளார்க் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கர்னலின் விரல் பதினேழாவது வரியில் நின்றது. அதற்கு மேல் அது நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பெயர் மாறவில்லை.

"ஹெட் கிளார்க்" என்றார், மிகத் தாழ்ந்த குரலில். "விடுப்புப் படிவம் இருக்கா?"

"கடைசியா ஒண்ணு இருந்துச்சு சார்" என்றார் ஹெட் கிளார்க், ஜன்னலைப் பார்த்தபடியே. "அதுல நான் எழுதிட்டேன்."