ஒரேமாதிரி அண்ணாச்சியின் மொழி

தூத்துக்குடி இதுவரை கண்ட தொல்லைகளிலேயே தலையாயது ஒரேமாதிரி அண்ணாச்சிதான். துறைமுகச் சாலையில் எங்கள் கிளியரிங் ஏஜென்சிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்க்க வந்த மனிதர், வந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு புரோகிராமிங் மொழியையே உண்டாக்கினார். யார் கேட்டார்கள்? அந்த மொழியில் எழுதியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருவர் அவர். இன்னொரு ஏமாளி நான்.

அவருடைய தீராத வியாதி குளோஷர். ஒரு சின்ன வேலையை, அதற்கு வேண்டிய விவரத்தோடு சேர்த்து மடித்துக் கொடுப்பது. பரோட்டாவோடு சால்னாவையும் கட்டித் தருகிற பார்சல் மாதிரி. அதை எழுத அவர் மொழியில் இரண்டு வழி இருந்தது. ஒன்றாக்க வேண்டும் என்று மூன்று வருஷம் தாடி வளர்த்தார்.

"ஏலே, ஒரு வரின்னா அம்புக்குறி, நாலு வரின்னா அடைப்புக்குறியா? ஒரே சாமானுக்கு ரெண்டு சட்டையா? வயித்தக் கலக்குதுலே!"

"உங்களுக்கு மட்டுந்தான் கலக்குது அண்ணாச்சி."

மெஸ்ஸிலும் இதே கூத்து. சீலா மீன் துண்டு ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று சண்டை. "தலைப்பக்கம் அகலமாத்தான இருக்கும்" என்றார் சமையல்காரர். "அப்ப மீனோட டிசைனே தப்பு" என்று அண்ணாச்சி எழுந்து போய்விட்டார்.

எந்த டிரெய்லர் எந்தக் கன்டெய்னரை ஏற்ற வேண்டும் என்று டிரைவர்களுக்கு மெசேஜ் அனுப்பும் என் புரோகிராம் அவர் மொழியில்தான் ஓடியது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றினார். குளோஷர் பார்சல், கட்டும்போது இருந்த கன்டெய்னர் நம்பரை விட்டுவிட்டு, பிரிக்கும்போது இருக்கிற நம்பரை எடுத்துக்கொண்டது. கடைசி நம்பர் எல்லோருக்கும் போய், முப்பது டிரெய்லரும் ஒரே கன்டெய்னருக்கு வரிசை கட்டின.

"இன்னொரு தடவ இது படுத்துச்சுன்னா, நீ வேலைக்கே வராத" என்றார் முதலாளி.

அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். "பாத்தியாலே? முப்பதும் ஒரே மாதிரி போயிருக்கு!"

அடிக்காமல் விட்டது என் பெருந்தன்மை. எப்படியோ அந்தக் கோளாறைச் சரிசெய்து கொடுத்தார்.

அடுத்த மாதம் மறுபடியும் வந்து நின்றார். "முடிச்சிட்டேன்லே. திங்கக்கிழமையிலேருந்து அடைப்புக்குறி மட்டுந்தான். அம்புக்குறி ஓடாது."

என் புரோகிராமில் முந்நூறு அம்புக்குறி. வேலை போய்விட்டது என்று வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை என் புரோகிராம் ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஓடியது. நம்ப முடியாமல் அவருடைய விதிப் புத்தகத்தைத் திறந்தேன். 'குளோஷர் எழுத ஒரே வழிதான். விதிவிலக்கு கிடையாது.' அதற்குக் கீழே பொடி எழுத்தில்: 'நம்ம பய எழுதினதுக்கு மட்டும் அம்புக்குறியும் ஓடும்.'

இப்போது அவர் கோவையில் மகள் வீட்டில் இருக்கிறார். புரோகிராம் இன்னும் ஓடுகிறது. அந்த ஒரு வரியை எழுதும்போது மனிதருக்கு எப்படி வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று நினைத்தால், எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.