பதினெட்டாம் நம்பர் மோதிரம்

யாராவது புதுச் செருப்பைக் காட்டினால்கூட என் வாய் "நல்லா இருக்கே" என்று சொல்லும். வயிறு வேறொன்று சொல்லும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வளர்ந்தால் போய்விடும் என்று நினைத்தேன். வளர்ந்தேன், சம்பளம் வாங்கினேன், வேலைக்காகக் கொல்கத்தாவுக்கே வந்துவிட்டேன். அதுவும் கூடவே ரயிலேறி வந்துவிட்டது.

நியூ டவுனில் பன்னிரண்டாவது மாடி வீடொன்றில் நானும் பிரபுவும் சேர்ந்து குடியிருந்தோம். ஈரோட்டுக்காரன். இருவருக்கும் ஒரே அலுவலகம். நல்லவன். (அதுதான் பிரச்சினையே. கெட்டவன் மேல் பொறாமைப்படுவது சுலபம், மனசாட்சி உறுத்தாது.) பதவி உயர்வு அவனுக்குத்தான் முதலில் வந்தது. என் தலைமுடி பின்வாங்கத் தொடங்கியபோது அவன் தலையில் சீப்பு உடைந்தது. நிச்சயதார்த்தமும் எனக்கு ஒரு மாதம் முன்பே அவனுக்கு முடிந்துவிட்டது.

எனக்குப் பேசியிருந்த பெண் வித்யா. அவள் அப்பா காளிகாட்டில் அப்பளம், காபித்தூள், இட்லி அரிசி விற்கும் கடை வைத்திருந்தார். காபித்தூள் வாங்கப் போய், அடிக்கடி போவதற்காகவே அளவுக்கு மீறிக் காபி குடித்து, தூக்கம் கெட்டு, ஒருவழியாகக் காதல் கைகூடியிருந்தது. வித்யா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் வங்காளம்தான் முதலில் வரும். தமிழ் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவரும்.

மோதிரத்துக்கு எவ்வளவு என்று அவள் முன்பே முடிவு செய்துவிட்டாள்.

"நாப்பதாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா வேண்டாம். மிச்சத்த வீட்டு அட்வான்ஸுக்கு வெச்சிக்கோ. கல்யாணம் ஆனா எங்க இருக்கறது, மெட்ரோ ஸ்டேஷன்லயா?"

நியாயமான பேச்சு. பிரபு தன் நிச்சயதார்த்தப் படங்களை எல்லோருக்கும் அனுப்பும்வரை நியாயமாகத்தான் இருந்தது.

அவன் போட்ட மோதிரத்தில் வைரம் இருந்தது. மறுநாள் அலுவலக கேன்டீனில் அவன் போனைச் சுற்றிக் கூட்டம். "ஓ மா, கீ ஷுந்தோர்!" என்று, என்ன அழகு என்று, ஆளாளுக்கு உருகினார்கள். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். சாயங்காலம் பார்த்தால் வித்யாவும் அந்தப் படத்துக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருக்கிறாள்! என் படங்களுக்கு இரண்டு வருடமாகக் கட்டைவிரலுக்கு மேல் கிடைத்ததில்லை.

பல் தேய்த்துக்கொண்டே, அக்கறையில்லாதவனைப் போலக் கேட்டேன்: "எவ்ளோடா ஆச்சு?"

"எம்பத்தஞ்சாயிரம்டா. பதினாலு கேரட்டுல பண்ணுனேன். கல்லு கெட்டியா நிக்குமாம்."

எண்பத்தைந்து. பதினாலு. ராத்திரி முழுவதும் இந்த இரண்டு எண்களும் என் கட்டிலைச் சுற்றி நடனமாடின. காலையில் முடிவெடுத்துவிட்டேன். நமக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். கேரட் பதினெட்டு.

வித்யாவுக்குத் தெரியாமல் பவானிபூரில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கொல்கத்தாவில் இரண்டு வருடம் இருந்ததில் எனக்கு வங்காளம் தெரியும் என்றொரு எண்ணம். (விலை கேட்கவும், குறைக்கச் சொல்லவும் தெரியும். மற்றதற்கெல்லாம் தலையாட்டுவேன்.) கல்லைத் தேர்ந்தெடுத்ததும் விற்பனையாளர் கேட்டார்:

"மாப் கொத்தோ?"

'கொத்தோ' என்றால் எவ்வளவு. அது தெரியும். 'மாப்' தெரியவில்லை. தங்கத்தின் தரத்தைத்தான் கேட்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, "ஆட்டாரோ!" என்றேன். பதினெட்டு!

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆட்டாரோ? டிக் தோ?" என்றார், சரிதானே என்று. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு பெரிய வட்டம் போட்டும் காட்டினார். என் தாராள மனசைப் பார்த்து மனிதர் அசந்துபோய்விட்டார் என்று நினைத்து, "ஆமா, அதேதான்" என்று தலையாட்டினேன்.

நிச்சயதார்த்தம் வித்யா வீட்டு மாடியிலேயே நடந்தது. மோதிரம் அவள் விரலில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனபோது, எவ்வளவு லாவகமாகப் போட்டுவிட்டேன் என்று பூரித்தேன். வித்யா கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏனோ விரல்களை மடக்கிக்கொண்டாள். நான் பிரபுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன், "சூப்பர்டா!" என்று மனதாரச் சிரித்தான். அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வித்யா எல்லோருக்கும் ரசகுல்லா பரிமாறினாள். பிறகு கிளம்பியவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்தாள். எல்லாம் முடிந்து கையைப் பார்த்தவள் அலறினாள்.

"ஏ கீ! மோதிரம் எங்க?"

பாயைத் தூக்கினோம். பூவை உதறினோம். ரசகுல்லாப் பானையைக் கவிழ்த்து, பாகை மாவுச் சல்லடையில் வடிகட்டினார் மாமனார். இல்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பிரபு எந்த ரசகுல்லாவையும் கடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் முழுசாக உள்ளே தள்ளினான்.

"இவன்தான்! இவன்தான் முழுங்கிட்டான்!" என்று கத்தினேன். "ஒரு லட்சத்துப் பத்தாயிரம்!"

காணாமல் போன மோதிரத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வித்யா மெதுவாகக் கேட்டாள்:

"நாப்பதுன்னுதானே சொன்னே?"

(பெரியவர்கள் முன்னால் எப்போதும் 'நீங்க' என்பாள். அன்று இல்லை.)

நான் பிரபுவின் வயிற்றைப் பார்த்தேன். "டேய், ரசகுல்லாவைத்தான்டா முழுங்குனேன்," என்றான் அவன் பாவமாக. பிறகு என் முகத்தைப் பார்த்து மனமிளகி, "சரி, உனக்கு நிம்மதின்னா எக்ஸ்ரே எடுத்துரலாம், வா," என்றான். பட்டு வேட்டியோடு இருவரும் ஆட்டோவில் ஏறினோம்.

எக்ஸ்ரே எடுத்தவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கிச்சு நேய்," என்றார். ஒன்றுமில்லை. பிறகு, என்னைக் கூப்பிட்டு, படத்தில் பிரபுவின் முதுகெலும்பை விரலால் தடவிக் காட்டினார். இவ்வளவு நேரான முதுகெலும்பைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று என்றார். அந்த நிலைமையிலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. என் முதுகு எப்படியிருக்கும் என்று ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன்.

திரும்பி வந்தபோது மூன்று வீடு தள்ளியிருக்கும் மாஷிமா, வித்யாவுக்குப் பெரியம்மா முறையில் பழகும் வங்காள அம்மாள், மாடியில் நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அதில் என் மோதிரம், அளவெடுத்தது போல. அவருடைய தாம்பூலப் பையில், வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் நடுவில் விழுந்திருந்ததாம்.

வித்யா அதைக் கழற்றிப் பார்த்தாள்.

"கடையில மாப் என்ன சொன்னே?"

"மாப்னா?"

"அளவு! விரல் அளவு! என்னோடது பத்து."

"பதினெட்டு," என்றேன். மாடிப்படியைப் பார்த்துச் சொன்னேன்.

பிரபுதான் முதலில் சிரித்தான். பிறகு மாஷிமா. மாமனார் துண்டால் வாயை மூடிக்கொண்டார். வித்யா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் பேசவுமில்லை. நாலாம் நாள் போன் செய்து, மோதிரத்தைத் தானே கடையில் கொடுத்து அளவைக் குறைத்துவிட்டதாகச் சொன்னாள். வீட்டு அட்வான்ஸுக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றும் கேட்டாள். மிச்சம் இருந்தால்தானே சொல்வதற்கு. கல்யாணமாகி ஒன்பது மாதம் காளிகாட்டில், கடைக்கு மேலே, மாமனார் வீட்டில்தான் குடியிருந்தேன். அப்பள வாசனையில் தூங்கி, காபி வாசனையில் எழுந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை என்பதற்கு வங்காளத்தில் 'கொர்ஜாமாய்' என்று பெயர். தனி வீட்டுக்குப் போய் ஐந்து வருடமாகிறது. மாஷிமா இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பிரபு என் மேல் கோபப்படவே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒவ்வொரு இனிப்பைத் தின்றதும் என் எதிரே வந்து வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பான். வீடே சிரிக்கும். அவனுடைய நாலு வயது மகளும் இப்போது எதைத் தின்றாலும் ஓடிவந்து என்னிடம் வாயைத் திறந்து காட்டுகிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.