வெள்ளிக்கிழமை ஊசி

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது. என் இரண்டு கைகளைத் தவிர இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்தை எழுது.

பெரிய பேரன் பேருந்து ஓட்ட உரிமம் வாங்கிவிட்டான், மூன்றாவது தடவையில். சின்னவன் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினான். என்ன பேசினான் என்று அவனுக்கே ஞாபகமில்லை. பேத்தி நர்சுப் படிப்பு முடித்து, ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் சேரப்போகிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்?

அந்தப் பெருமைதான் வினையாயிற்று. டாக்டர் வாரம் ஒரு வைட்டமின் ஊசி எழுதிக்கொடுக்க, என் பேத்தி இருக்கையில் வேறொருத்தி குத்துவதா என்று அவளிடமே கையை நீட்டினேன். வலியே தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்து ஒரே அரிப்பு. சொன்னால், வேலைக்குப் போகிற பிள்ளை மனசு விட்டுப்போகுமே என்று மூட்டைப்பூச்சி என்றேன். மகன் மெத்தையில் வெந்நீரைக் கொட்டினான், மெத்தை போயிற்று. அடுத்த வாரம் வலது கை, சோப்பு என்றேன், மருமகள் மூன்று சோப்பு மாற்றினாள். அதற்கடுத்த வாரம் கம்பளி என்றேன், அதையும் தூக்கிப்போட்டார்கள், நல்ல கம்பளி. வெறும் பாயில் குளிரில் கிடந்து சொறிந்தேனடி.

போன சனிக்கிழமை பேத்தி என் ரவிக்கைக் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

"ஏன் பாட்டி, வெள்ளிக்கிழமை நான் குத்துன எடத்துலயே சனிக்கிழமை வந்து கடிக்குதா? உன் மூட்டைப்பூச்சிக்குக் கிழமையெல்லாம் தெரியுமா?"

"நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர், "பொண்ணு கையில குறையில்லம்மா. ஊசி மருந்துல இருக்கிற ஏதோ ஒண்ணு உங்க தோலுக்கு ஒத்துக்கல. மாத்திரைக்கு மாறிடுங்க. இனிமே இத மறைக்காதீங்க, ஆபத்து" என்றார்.

அரிப்பு அடங்கிவிட்டது. பேத்தியும் மனசு தேறி, நர்சு உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கிறாள். எனக்குத்தான் அலுத்துப்போச்சு. உன் வீட்டுப் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: பேத்தி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்ததால் அவள் தேறிவிட்டதாக எழுதினேன். இப்போது குளிக்கப் போயிருக்கிறாள். உடுப்பு இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. "ஊசியத் தொட்டாலே கை நடுங்குது பாட்டி, நான் போகல" என்கிறாள். டாக்டர் பேச்சை நம்பவில்லை. என் பேச்சை இனி யார் நம்பப்போகிறார்கள்? நீயும் இதே ஊசிதானே, அதுவும் இருபது வருஷம் கை பழகிய நர்சம்மாவிடம் போட்டுக்கொள்கிறாய்? இவளுக்குக் காட்ட, ஊசி போட்ட மறுநாள் கையைப் புதுசாக ஒரு போட்டோ எடுத்து, ஒன்றாம் தேதிக்குள் வந்து சேரும்படி தபாலில் போடு. முகம் வேண்டாம். சிவக்கவில்லையென்றால் நன்றாகச் சொறிந்துவிட்டு எடு.