படகுச் சவாரிக்குப் பதிவு செய்யுமுன் மக்கீன் மாமா அறிய வேண்டியவை

சாய்ந்தமருது,
ஜனவரி, திங்கட்கிழமை.

அன்பின் மக்கீன் மாமா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

வாப்பாவின் வயலை நீங்கள் வாப்பாவிடம் கேட்காமலே கொடுத்துவிட்டீர்கள். ஆற்றுப் படகுச் சவாரிக்கு எங்களுக்கு இடம் பிடித்துத் தந்த அதே வாரத்தில், அதே தொலைபேசியில் கொடுத்தீர்கள். படகுக்கு ரசீது வந்தது. வயலுக்கு வரவில்லை.

இது நிற்க. இங்கே வாப்பா, உம்மா, நான் எல்லோரும் அல்லாஹ்வின் அருளால் சுகம். உங்கள் சுகத்துக்கும் மாமியின் முழங்காலுக்கும் துஆ கேட்கிறோம். கட்டாரில் இப்போது குளிர் என்று கேள்விப்பட்டோம், காதை மூடிக்கொள்ளுங்கள். ஆனால் மூடுவதற்கு முன் நான் சொல்வதைக் கேளுங்கள்.

நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அதே படகில் போகப் போவதாக உம்மாவிடம் சொன்னீர்களாம். முதல் தடவை ஆற்றுப் படகில் போகிறவர் பதிவு செய்யுமுன் என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும். நான் போய் வந்தவள். வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பிப் பார்த்தேன். நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. அதனால்தான் இந்தப் பதிவுத் தபால். இதற்குக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

முதலில், படகில் வேறு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் கொக்கு வரும், முதலை வரும், சூரியன் மறையும் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். கூட வரும் ஆட்களைப் பற்றி ஒன்றும் இல்லை. “மாமாட கூட்டாளி குடும்பமும் வருது, நல்லா உடுத்து” என்று சொல்லி உம்மா என் அபாயாவை இரண்டு தடவை இஸ்திரி போட்டபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் லீவு கேட்க வேண்டாம், மாமாவே முதலாளியிடம் பேசிவிட்டார் என்றபோதாவது விளங்கியிருக்க வேண்டும். படகுத்துறையில் மருதமுனையிலிருந்து வந்த கமீலா மாமி, அவருடைய தங்கச்சிமார் இரண்டு பேர், ஒரு சொல்லும் பேசாத அவருடைய புருஷன், புதுச் சப்பாத்துப் போட்ட மகன் அப்ராஸ் எல்லோரும் நின்றார்கள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அந்தத் துறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பு அங்கே தோணிகள் கட்டியிருப்பார்கள். தோணிக்காரரைச் சேற்றுப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சீமெந்துப் படி கட்டினார்கள். மீனவர்கள் சிரித்துக் கைகாட்டி வழியனுப்புவதாக விளம்பரத்தில் படம் இருக்கிறது. எங்களுக்கு ஒருவரும் கைகாட்டவில்லை.

அடுத்தது, உயிர்காப்புச் சட்டை. எல்லோருக்கும் கட்டாயம், செம்மஞ்சள் நிறம், கழுத்திலிருந்து இடுப்புவரை மெத்தை. படகு கரையை விட்ட பிறகுதான் கமீலா மாமி கதையைத் தொடங்கினார்.

“சபூறா, இதுதானே புள்ள?”

“ஓம் மைனி,” என்றார் உம்மா. மைனி. அதற்குள் உறவுமுறை வந்துவிட்டது. படகு இன்னும் முதல் வளைவைத் தாண்டவில்லை.

“அந்தச் சட்டயக் கழட்டச் சொல்லுங்க. ஆளே தெரியல்ல.”

படகு ஓட்டிய சுஜிந்தன், தம்பிலுவில்காரர், திரும்பாமலே சொன்னார்: “கழட்ட ஏலாது அக்கா. கரைக்கு வாறவரைக்கும் போட்டுத்தான் இருக்கணும்.”

“அப்ப நாங்க இவ்வளவு தூரம் வந்து என்னத்தப் பாக்கிற?”

“ஆத்தப் பாருங்க.”

ஆக, என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கண்டது ஒரு செம்மஞ்சள் மெத்தையும் அதன்மேல் ஒரு முகமும்தான். முகத்தில் சிரிப்பில்லை என்று அவர்கள் உங்களிடம் முறைப்பட்டிருப்பார்கள். அது சரியான தகவல்.

மாமா, வீட்டில் பெண் பார்த்தால் பிடிக்காத கதை வரும்போது தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று எழும்பிப் போகலாம். குசினிக்குள் நின்று அழலாம், பேசின் கழுவலாம். படகில் போக இடமில்லை. இதை நீங்கள் தெரிந்தேதான் ஏற்பாடு செய்தீர்களா என்று எனக்கு இன்னும் சந்தேகம். கமீலா மாமி வீட்டைப் பற்றிக் கேட்டார்: எத்தனை அறை, நிலத்துக்கு மாபிளா, மேல்மாடி எடுக்க அத்திவாரம் தாங்குமா. உம்மா எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னார். பிறகு கமீலா மாமி கொக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“வீடு சரி. வயல் எழுத்து எப்ப வெச்சிக்குவம்?”

“எந்த வயல்?” என்று நான் கேட்டேன்.

“உங்கட வாப்பாட ஆத்தங்கர வயல்தான். வேற எது? மக்கீன் தம்பி எங்களுக்கிட்ட ஓம் எண்டு சொல்லிட்டாரே.”

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா ஆற்றைப் பார்த்தார்.

“வாப்பாக்குத் தெரியுமா உம்மா?”

“பொறகு கதைப்பம்.”

அப்ராஸ் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வளைவில் சிக்னல் கிடையாது.

எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை பிறந்தால், அது தவழுமுன்னே வாப்பாமார் சீதன வீட்டுக்குக் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்குகிறார்கள். வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள், கடன் படுகிறார்கள், நடுவயதில் முதுகு வளைகிறார்கள். ஆண்பிள்ளை பெற்ற வீட்டில் அந்தக் காலமெல்லாம் தூங்குகிறார்கள். வாப்பா என் வீட்டைக் கட்டி முடித்துவிட்டார். அதைக் கட்டிய காலம் முழுக்க எங்களுக்குச் சோறு போட்டது அந்த ஆற்றங்கரை வயல். அதையும் கொடுத்துவிட்டால் அவரும் உம்மாவும் என் வீட்டின் பின்னறையில் இருந்து மருமகனின் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும். அப்ராஸ் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். அவர் என்ன கொண்டுவருகிறார் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லையாம். எங்கள் வயலைக் கேட்பது மட்டும் மரியாதை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். படகில் ஏறுமுன், ஆற்றின் முகத்துவாரம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். நீங்கள் ஊரை விட்டுப் போய்க் கன காலம், மறந்திருப்பீர்கள். ஆறு கடலில் சேரும் இடத்தை மணல் மூடிவிட்டால் மாரித் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் ஏறி வயலுக்குள் நிற்கும். இந்த முறை பயிர் குடலையில் இருக்கிறது, கதிர் உள்ளே திரண்டு வெளியே வர நிற்கிற நேரம். அந்த நேரத்தில் மூழ்கினால் பிறகு வைக்கோல்தான். மணலை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் நடையாய் நடந்தார்கள். அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், பார்ப்போம் என்றார்கள். ஏன் இழுத்தடித்தார்கள் என்று சுஜிந்தன்தான் எனக்குச் சொன்னார்: “தண்ணி வத்தினாப் படகு ஓடாது தங்கச்சி. சனி ஞாயிறு முடியட்டும் எண்டு எங்கட முதலாளிதான் எல்லார்ர காலையும் புடிச்சவர்.” ஆற்றின் அழகைப் பார்க்கப் போகும் ஆட்களுக்காகப் பத்து ஊர்ச் சோறு தண்ணீருக்குள் நின்றது. அந்த ஆட்களில் நாங்களும்தான்.

வாப்பா படகுக்கு வராததற்கு உங்களிடம் உம்மா சொன்ன காரணம் காய்ச்சல். உண்மை என்னவென்றால், அன்று விடியமுன் ஸுபஹ் தொழுதுவிட்டு மற்ற விவசாயிகளோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போய்விட்டார். இனியும் யாரையும் கேட்பதில்லை என்று தாங்களே வெட்டினார்கள். கமீலா மாமி அவருடைய வயலைப் பங்கு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் அதைக் காப்பாற்ற எங்கள் படகுக்குக் கீழே இருந்த தண்ணீரைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் படகு தரை தட்டியது. சத்தமில்லை, கட்டிலில் ஆள் சாய்வதுபோல் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. நாங்கள் பெண்கள் ஐந்து பேரும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து புரியாணியில் கைவைத்திருந்தோம். அந்தப் பெரிய தட்டில் இருந்த சோறு சாய்ந்த பக்கம் சறுக்கிப் போனது. கோழி, முட்டை, கத்தரிக்காய்ப் பாகு எல்லாம் மருதமுனைப் பக்கம் போய்ச் சேர்ந்தன. எங்கள் பக்கம் வெறும் தட்டு தெரிந்தது. “சாப்பிடுங்க, சாப்பிடுங்க, ஏன் கைய எடுத்திட்டீங்க” என்றார் கமீலா மாமி, கோழிக் காலைப் பிடித்தபடி. பெருநாளுக்குப் போனால் ஆளுக்கொரு பார்சல் கட்டிக்கொண்டு போங்கள். சஹன் சமதரைக்கு உரியது.

பிறகு ஆறு எங்களைச் சுற்றி வடியத் தொடங்கியது. கண்ணுக்கு முன்னால் சேறு எழும்பியது. கக்கூசுக்குத் தண்ணீர் இழுக்கும் பம்பு நின்றது. லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யக் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. மாமியின் தங்கச்சிமார் இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். சுஜிந்தன் இறங்கித் தள்ளினார்; முழங்கால்வரை சேறு. மேலே நின்ற அப்ராஸ் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் புதுச் சப்பாத்தைக் கழற்றினார்.

“மனே, இறங்காத,” என்றார் கமீலா மாமி. “அட்டை கடிக்கும்.”

இறங்கினார். இரண்டு பேரும் தள்ளினார்கள். படகு அசையவில்லை. அவர் என் பக்கமாக வந்து விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினார். எங்களுக்குள் நடந்த முழுக் கதையும் இதுதான்:

“இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகுது?”

“எங்கட வயலுக்குள்ள இருந்து கடலுக்கு.”

“அப்ப நல்லம்தானே,” என்றார்.

இந்த ஒரு வசனத்தை வைத்து நிக்காஹ் செய்ய முடியாது மாமா. ஆனாலும் அன்று அந்தப் படகில் வயலுக்காகப் பேசியவர் அவர் ஒருவர்தான். நீங்கள் இல்லை.

வாப்பா பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிய உழவு மெசினில் வந்தார். முகத்துவாரத்திலிருந்து நேரே வயலைப் பார்க்க வந்தவர், ஆற்றுக்குள் சரிந்து கிடந்த படகைக் கண்டு கரையில் நிறுத்தினார். தலை முதல் கால்வரை மண். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை.

“மகள், தண்ணி வடியுது! வெளிய தெரியுது பயிர்!” பிறகுதான் விருந்தாளிகளைக் கண்டார். “மக்கீன் மச்சான்ட ஆக்களா? வாங்க, வாங்க. மெசின் பெட்டியில ஏறுங்க, கொண்டுபோய் விர்றன்.”

ஒவ்வொருவராகச் சேற்றில் இறங்கிப் பெட்டியில் ஏறினோம். கமீலா மாமி மருதமுனைக் கைத்தறிப் புடவையோடு உரச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். உயிர்காப்புச் சட்டையைக் கழற்ற மறந்துவிட்டார், மெசின் குலுக்கலில் அது அவருக்கு உதவியாகவும் இருந்தது. வழியில் வாப்பா மெசினை நிறுத்தி, “இதுதான் எங்கட வயல்,” என்றார். சேறு பூசிய இலைகளோடு பயிர் வரிசையாக நின்றது.

“எல்லை எதுவரைக்கும் காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் கமீலா மாமி.

வாப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பட்டணத்து ஆட்கள் தன் வயலைப் பற்றிக் கேட்பதை அவர் எங்கே கண்டார்? இறங்கி, வரம்பில் ஏறி நின்று, கையை நீட்டி நீட்டிக் காட்டினார். “அந்த மருத மரம் தெரியுதா, அதுவரைக்கும். இஞ்சால வாய்க்கால்வரைக்கும். முழுக்க எங்கடதான்.” மாமி தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டார். உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அப்ராஸ் தன் கால் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாத்திரம் வாப்பாவைப் பார்த்தேன். இரவு சாப்பிடும்போதும் கமீலா மாமியைப் பற்றியே சொன்னார்: “நல்ல மனிசி. வயல் வேல தெரிஞ்ச மனிசி.”

அவருக்கு இன்னும் தெரியாது. உம்மா, மக்கீன் தம்பி சொல்லட்டும் என்கிறார். கமீலா மாமி, மக்கீன் தம்பி சொல்லிவிட்டார் என்கிறார். வயலில் கதிர் வெளியே வரத் தொடங்கிவிட்டது.

ஆகவே அந்தப் படகில் போகாதீர்கள். தண்ணீரை நம்ப முடியாது, கக்கூசை நம்ப முடியாது, கூட ஏறுகிறவர்களையும் நம்ப முடியாது. பெருநாளைக்கு வீட்டிலேயே இருந்து வட்டிலப்பம் சாப்பிடுங்கள். உங்கள் தொழிலிலும் தேகத்திலும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. மாமிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உம்மா தனியாக ஸலாம் சொல்லச் சொன்னார், வேறொன்றும் எழுத வேண்டாம் என்றும் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
பஸ்னா

பி.கு.: மேலே எழுதிய புத்திமதியை விட்டுவிடுங்கள். பெருநாள் கழிந்து வரும் சனிக்கிழமைக்கு முழுப் படகையும் உங்கள் பெயரில் பதிவு செய்துவிட்டேன். சுஜிந்தனிடம் விசாரித்தேன்: அதற்குள் முகத்துவாரத்தை மணல் மூடிவிடுமாம், ஆறு நிரம்பி நிற்குமாம், படகு எங்கேயும் தட்டாதாம், நடுவில் இறங்கவும் முடியாதாம். கமீலா மாமி குடும்பத்தோடு வருகிறார். அப்ராஸ் இந்த முறை செருப்போடு வருவாராம். அறுவடை முடிந்திருக்கும், அதனால் வாப்பாவும் வருவார்; அவருக்கு உங்கள் பக்கத்தில் உட்காரக் கதிரை. சட்டை உங்களுக்கும் உண்டு, செம்மஞ்சள்தான். முதல் வளைவு தாண்டியதும், எல்லோருக்கும் கேட்கும்படி, “அது மச்சான்ட வயல், அதக் குடுக்க எனக்கு உரிமையில்ல” என்று நீங்கள் சொல்ல வேண்டும். சொல்வீர்களா மாமா? ஓம் அல்லது இல்லை, ஒரு சொல் எழுதுங்கள்.