பிப்ரவரியில் வெடிக்க வேண்டிய எரிமலை

லக்ஷ்மிபாய் நகர், புது டில்லி
9-2-1981, திங்கட்கிழமை

சிரஞ்சீவி வேணுவுக்கு, உன் அத்திம்பேர் கல்யாணராமன் டில்லிக் குளிரில் ஸ்வெட்டருக்குள் இருந்தபடி மனதார அனுப்பும் ஆசீர்வாதம். இங்கு நானும் உன் அக்கா காமாக்ஷியும் சௌக்கியம். கும்பகோணத்தில் நீயும், உன் பள்ளிக்கூடமும், நீ நடத்தும் விஞ்ஞான பாடமும், அதைக் கேட்டும் தப்பித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க சாரங்கபாணிப் பெருமாள் துணை நிற்கட்டும்.

நீ அனுப்பிய எரிமலைக் குறிப்புகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவை நேற்று எவ்வளவு சிறப்பாகப் பயன்பட்டன என்று தெரிவிக்கவே இக்கடிதம். உன் அக்காவும் தனியாக எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் எழுதுவது வேறு மாதிரி இருக்கும். இதையே நீ அதிகாரபூர்வமானதாகக் கொள்ளவும்.

இங்குள்ள சயின்ஸ் மியூசியத்தில் காட்டும் படங்களெல்லாம் இங்கிலீஷில் பேசுபவை. தமிழ் ஜனங்களுக்காக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டு, யாராவது மைக்கில் தமிழில் விளக்கலாம் என்று படப் பிரிவு அதிகாரி சோப்ரா ஒப்புக்கொண்டார். பஞ்சாபி, நல்ல மனுஷர், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. இந்தப் பொறுப்புக்கு கோல் மார்க்கெட் ராமசுப்ரமணியனும் ஆசைப்பட்டார். அவருக்கு மைக் அனுபவம் உண்டாம். என்ன அனுபவம் என்றால், ராமநவமி உற்சவத்தில் காணாமல் போன செருப்புகளை அறிவித்த அனுபவம். நானோ மத்திய சர்க்காரில் முப்பத்தொரு வருஷம் நோட் எழுதியவன், விஷயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவேன். சோப்ரா என்னைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை. உன்னிடம் சொல்வதற்கென்ன, வருகிற ஜூனில் ரிடையர் ஆகிறேன். அதற்கப்புறம் காலையில் பால் பூத்துக்கும் சாயங்காலம் காய்கறி மார்க்கெட்டுக்கும் போய்வருகிற ஒரு பை மாதிரி ஆகிவிடுவேனோ என்று சில நாளாக மனசுக்குள் ஒரு பயம். மியூசியம் வாசலில் வரப்போகிறவற்றையெல்லாம் எழுதி ஒரு பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். பிப்ரவரியில் எரிமலைப் படம், மார்ச்சில் ஜீரணத்தைப் பற்றிய படம், ஏப்ரலில் திமிங்கிலம். அப்புறம் உள்ளே நுழைந்து நடந்துபோகக்கூடிய அளவுக்கு ஒரு ராட்சச இருதயம், ஒல்லியானவனைக் குண்டாகக் காட்டும் கண்ணாடி அறை, இன்னும் என்னென்னவோ. அந்த போர்டின் முன்னால் நின்றபோது எனக்கு ஒரு பத்து வயசு குறைந்தது. இவ்வளவுக்கும் தமிழ் நான்தான் என்று சோப்ரா சொல்லவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

நேற்று மத்தியானம் ஹால் நிரம்பி வழிந்தது. நம் காலனிக்காரர்கள், ஆர்.கே. புரத்துக்காரர்கள், மதராசி கேம்ப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். உன் அக்கா பிளாஸ்க்கும் மஃப்ளருமாக முதல் வரிசையில். ராமசுப்ரமணியன் இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, நான் எப்போது தடுக்கி விழுவேன் என்று காத்திருக்கிற முகத்துடன். இருட்டில் காகிதத்தைப் படிக்க முடியாதென்பதால் உன் குறிப்புகளை முழுவதும் மனப்பாடம் செய்திருந்தேன். பேச்சாளன் சபையைப் பார்த்துப் பேசவேண்டுமே தவிர திரையைப் பார்த்துப் பேசக்கூடாது, ஆகவே திரைக்குப் பக்கத்தில் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். விளக்கு அணைந்தது, படம் ஓடத் தொடங்கியது, நானும் தொடங்கினேன்.

"அன்பர்களே! இதோ, பூமி மெல்ல வாயைத் திறக்கிறது. இருபுறமும் வெண்மையான பாறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இந்த வாய்க்குள் போனது எதுவும் போனபடியே திரும்பி வருவதில்லை!"

சபையில் "ஆஹா" என்றார்கள். எனக்கு உற்சாகம் பிறந்தது. "உள்ளே ஆழத்தில் சதாசர்வகாலமும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது!" என்றேன். கைதட்டல். "சில சமயம் அடியிலிருந்து வாயு கிளம்பும். முதலில் ஓர் உறுமல் கேட்கும். அதைக் கேட்ட மாத்திரத்தில் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிப்போவார்கள்!" ஹாலே அதிர்ந்தது. பின்வரிசையில் ஒருவர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். கதவோரம் நின்ற சோப்ரா, "வாஹ், கல்யாண்ராமன்ஜி, பஹுத் அச்சா!" என்று கையை உயர்த்திக் காட்டினார். விஞ்ஞானத்தை இவ்வளவு ரசிக்கிற ஜனங்களை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து உன் அக்கா, "ஏன்னா! கொஞ்சம் திரும்பித்தான் பாருங்கோளேன்!" என்றாள்.

"படத்துக்கு நடுவுல என்னடி பேச்சு?" என்று நான் ரகசியமாகச் சொன்னேன். மைக் அதை ஹால் முழுக்கச் சொன்னது.

"படமே வேற ஓடறது. அது மலை இல்லை, இரைப்பை!"

திரும்பிப் பார்த்தேன். வேணு, இவ்வளவு நேரமும் நான் இத்தாலி தேசத்து மலைச்சரிவு என்று வர்ணித்துக்கொண்டிருந்தது யாரோ முகம் தெரியாத ஒரு மனிதனின் வயிற்றின் உட்புறம். படங்கள் வந்த பெட்டிகளில் லேபிள் மாறிப்போய், மார்ச் மாதத்துப் படம் பிப்ரவரியிலேயே வெளியே வந்துவிட்டது என்று சோப்ரா பிற்பாடு விளக்கினார். அதற்கு நான் என்ன செய்யமுடியும்? வேறு யாராக இருந்தாலும் மைக்கை வைத்துவிட்டு ஓடியிருப்பான். நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சரி, ஒரு நொடி தயங்கினேன். "இதே போலத்தான் அன்பர்களே, நம்முடைய வயிறும்!" என்று ஒரே தாவாகத் தாவி, எரிமலையை அப்படியே வயிற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். சிறுகுடல் வரைக்கும் வண்டி ஓடியது. அதற்குமேல் எனக்குத் தெரியாது. படம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வாசல் போர்டு, இருதயம், கண்ணாடி அறை எல்லாம் என் கையை விட்டு நழுவுகிறது போல இருந்தது.

ராமசுப்ரமணியன் எழுந்து நின்றார். "ஸார், ஒரு சின்ன சந்தேகம். இந்த எரிமலை கடைசியா எப்போ வெடிச்சுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா பதில் சொல்லிவிட்டாள். "போன தீபாவளிக்கு, ஸார். பாதாம் அல்வா."

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் மேலே வந்து, "இங்க குடுங்கோ, நீங்க சித்த உக்காருங்கோ" என்று மைக்கை வாங்கிக்கொண்டாள். நான் கொடுத்ததாகத்தான் நீ எடுத்துக்கொள்ள வேண்டும். "இதோ இந்த வளைவு தெரியறதோல்லியோ, இங்கதான் எங்காத்து மாமா சாப்பிடற உருளைக்கிழங்கு ரோஸ்ட் வந்து உக்காந்துக்கும். மேலயும் போகாது, கீழயும் போகாது. மனுஷர் பாவம், ஹாலுக்கும் பால்கனிக்குமா நடந்துண்டே இருப்பார், வலிக்கறதுன்னு வாயைத் திறந்து சொல்லமாட்டார்" என்று தொடங்கி, என் வயிற்றின் அந்தரங்கங்களை மந்திரி சபைக்கு அறிக்கை சமர்ப்பிப்பது போல ஒவ்வொன்றாகச் சபையில் வைத்தாள். மதராசி கேம்ப்பிலிருந்து வந்த அருக்காணி என்ற அம்மாள் எழுந்து, "எங்க வூட்டுக்காரருக்கும் இதே ரோதனதாம்மா. நீங்க என்னதான் குடுக்குறீங்க?" என்று கேட்க, இவள் ஓமக் கஷாயம் சொல்ல, ஆளாளுக்குத் தங்கள் புருஷன் வயிற்றைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் கூட்டம் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் சிரிக்காமல் நிஜமான கவலையோடு பேசிக்கொண்டிருந்தாள். அது எனக்குக் கோபமாகவும் இருந்தது, என்னவோ மாதிரியும் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளாகத்தான், "நீங்க ரொம்ப நன்னாப் பேசினேள்னா, மலை வரைக்கும்" என்றாள்.

ஆகமொத்தம் நிகழ்ச்சி மகத்தான வெற்றி. சோப்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. இதற்கு முன் எந்த பாஷைக்காரர்களும் இப்படி ரசித்துப் பார்த்ததில்லையாம். நடுவே சிறிது குறுக்கீடு ஏற்பட்டதே தவிர, சபையைச் சூடேற்றி வைத்தது யார் என்பது சோப்ராவுக்குத் தெரியாமலா போகும்? இனி எல்லாப் படங்களும் எனக்குத்தான் என்பதில் சந்தேகமில்லை. எனவே சித்திரை உற்சவத்துக்குக் கும்பகோணம் வர எனக்கு ஒழியாது, மன்னிக்கவும். உடனே திமிங்கிலம் பற்றி விரிவாக எழுதி அனுப்பு. அது மீன் இல்லையாமே, அப்படியானால் என்ன என்பதையும் தெளிவுபடுத்து. அடுத்த காட்சியிலிருந்து உன் அக்கா கடைசி வரிசையில்தான் உட்காரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பதில் பேசாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள், ஆகவே சம்மதம்தான்.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டு, சாப்பிட்டது ஒழுங்காக ஜீரணமாகி, தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்,
கல்யாணராமன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் சமயம் மாடி வீட்டு மாசிலாமணி வந்து, அவர் வீட்டு போனில் சோப்ரா கூப்பிடுவதாகச் சொன்னார். ஒரு கால் செருப்போடு ஓடினேன். சோப்ரா என்னை க்ஷேமம் விசாரித்துவிட்டு, "பாபிஜி ஹைன்?" என்று உன் அக்காவைக் கேட்டார். மார்ச்சில் எரிமலையாம், அதையும் ஏப்ரல் திமிங்கிலத்தையும் அந்த முதல் வரிசை அம்மாளே பேசவேண்டுமாம், ஜனங்கள் கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம். மாடிக்கு வந்து போனை வாங்கிய அவளும் யோசிக்காமல் "அச்சா" என்றுவிட்டாள். பெருந்தன்மையோடு உன் எரிமலைக் குறிப்புகளை எடுத்து நீட்டினேன். "எனக்கு எதுக்குன்னா குறிப்பு? எரிமலையோட நான் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணலையா?" என்று கேட்டுவிட்டு ரசத்தை இறக்கப் போய்விட்டாள். ஆனால் வேணு, என்னை விட்டுவிட்டு மியூசியம் நடந்துவிடும் என்று நினைக்காதே. படம் தொடங்கும்போது ஹால் விளக்கை அணைக்கும் பொறுப்பை சோப்ரா என்னிடமே கொடுத்திருக்கிறார். நான் அணைக்காமல் யாரும் எதையும் பார்க்க முடியாது.